போன்சாய்: கத்தரியை எப்போது எடுப்பது?

போன்சாய் (மரத்தைச் சிறு தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் கலை) வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவது தட்டையான தொட்டியையும் கத்தரியையும்தான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இவ்விரண்டுக்கும் அதிக வேலை இல்லை. இலைகள் தயாரிக்கும் உணவால்தான் அடிமரம் பருக்கிறது. ஆகவே வேரைச் சிறு தொட்டியில் அடக்கி, மேலே தளிர்களையும் நறுக்கிக்கொண்டே இருந்தால், பென்சில் பருமனில் வந்த கன்று பல ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அதே பருமனில்தான் நிற்கும்.

தொடக்கத்துக்குச் சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்றோ, நாற்றங்காலில் கிடைக்கும் சிற்றிலைப் பைகஸோ (ஆல், அரசு இனத்துச் செடி) போதும். அதை நிலத்திலோ அகலமான வாளியிலோ நட்டு, தாராளமாக வளர விடுங்கள். அடியருகே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் நீள விட்டால் அதற்குக் கீழுள்ள தண்டு விரைந்து பருக்கும். வேண்டிய பருமன் வந்தபின் அக்கிளையை நீக்கிவிடலாம்.

அதன் பிறகே கவாத்து, அதாவது கிளைகளை நறுக்கி வடிவமைப்பது. ஒரு தளிர் ஆறு முதல் எட்டு இலை விடும்வரை பொறுத்திருந்து, இரண்டு மூன்று இலைகளை மட்டும் நிறுத்திக் கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் கடைசியாக நிற்கும் இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கமே புதுக் கிளை போகும் என்பதால், வெளிப்புறம் நோக்கிய இலையைப் பார்த்து நிறுத்துங்கள். வெட்டுவாயில் பால் வடிந்தால் பதற வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும் (சட்டையில் பட்டால் கறை போகாது). சில வாரங்களில் இலைக்காம்பின் இடுக்கில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.

வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். நான் ஓர் அரசங்கன்றுக்கு அப்படிச் செய்துவிட்டு, இலைகளையும் உருவிவிட்டு, பரிவோடு தினமும் நீர் ஊற்றினேன். இலையில்லாத செடி நீரை உறிஞ்சாததால் மண் சேறாகி, வேர் அழுகியே போயிற்று. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கத்திரி வெயில் தணிந்து முதல் மழை விழுந்தபின் செய்வது பாதுகாப்பானது.

ஒரே கன்றை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது கடினம், கை பரபரக்கும். ஆறேழு கன்றுகளை வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் முறை வருவதற்குள் மற்றவை தளிர்த்துவிடும்.