நிற்கும் காரிலிருந்து ஒரு மீட்டர்

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஓடுகிற வண்டிகளுக்குத்தான் பயப்படுவோம். என்னை ஒருமுறை கீழே தள்ளியது, சும்மா நின்றிருந்த கார். யாரோ பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்துவிட்டார். பிரேக் பிடிக்கவே நேரமில்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். நாம் சுதாரிப்பதற்குள் கதவு வந்துவிடும்.

அதனால் இப்போதெல்லாம் நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளித்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். கார்களுக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று உள்ளே வளைந்து போவதும் வேண்டாம். திரும்ப வெளியே வரும்போது பின்னால் வருபவருக்கு நாம் திடீரென முளைத்ததுபோல் இருக்கும். காருக்குள் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பாருங்கள். ஆமாம் என்றால் வேகத்தைக் குறைத்து, மணியடித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் மழை நாள். சாலையில் போட்ட வெள்ளைக் கோடும் சாக்கடையின் இரும்பு மூடியும் சோப்புத் தரைபோல வழுக்கும். ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும்.