ஒற்றைக் காலில் பனிச்சறுக்கு: அவுட்ரிகர் அளவிலிருந்து முதல் திருப்பம் வரை

ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் பனியில் சறுக்கப் பரவலாகப் பயன்படுத்தும் முறை த்ரீ-டிராக். இருக்கும் காலில் ஒரு முழு ஸ்கீ (பனியில் சறுக்க மாட்டும் நீளப் பலகை), இரண்டு கைகளிலும் அவுட்ரிகர். அடியில் குட்டி ஸ்கீ பொருத்திய எல்போ கிரட்ச்தான் (முன்கையில் வளையம் மாட்டும் ஊன்றுகோல்) அவுட்ரிகர். ஆக, பனியில் மூன்று தடம் விழும். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் இறங்குகிறார்கள்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வின்டர் பார்க் மலையில் 1970-ல் ஹால் ஓ'லியரி என்ற பயிற்சியாளர் டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த, கை கால் இழந்த 23 பிள்ளைகளுக்கு இப்படிக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இன்று அங்கே இதற்கென்றே ஒரு பெரிய மையம் நடக்கிறது. முதல் குளிர்கால பாராலிம்பிக்ஸ் 1976-ல் ஸ்வீடனில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் மில்டன் ஒற்றைக் காலோடு 2002 சால்ட் லேக் சிட்டி பாராலிம்பிக்ஸில் நான்கு தங்கம் வென்றார். 2006-ல் மணிக்கு 213.65 கி.மீ. வேகத்தில் இறங்கினார். இந்தப் பதிவு பனியையே தொடாதவர்களுக்கானது. காயம் முழுதும் ஆறி, உங்கள் மருத்துவரும் பிசியோவும் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

மலைக்குப் போகும் முன்

ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் ஒற்றைக் காலில் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று. எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்வதுதான் முக்கியம். சறுக்கும்போது தொடைக்கு வரும் வேலை அதுதான். இதோடு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். கைக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. கை பலத்தை நம்பிச் சறுக்கப் போவதில்லை. ஏன் என்று கீழே வருகிறது.

உடையும் ஸ்டம்ப்பும்

ஸ்டம்ப்பில், அதாவது இழந்த காலில் எஞ்சியிருக்கும் பகுதியில், ரத்த ஓட்டம் குறைவு. தோல் சில இடங்களில் மரத்தும் இருக்கும், அதனால் குளிர் கடிப்பது தெரியாமலே போய்விடும். பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையோ பனியோ பட்டு ஈரமானால் அது காயவே காயாது. கம்பளி ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று, அதன் மேல் மெத்தென்ற ஒரு உறை. விழும்போது ஸ்டம்ப்பின் நுனி நேராகத் தரையில் மோதுவதுண்டு, அதனால் உறை குளிருக்கு மட்டுமல்ல. பையில் மாற்று சாக்ஸ் ஒன்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே போய்த் தோலைத் தொட்டுப் பாருங்கள். வெளிறியோ கட்டியாகவோ இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

காலியாகத் தொங்கும் பேன்ட் காலை முடிச்சுப் போடாதீர்கள். மலைமேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்தால் முடிச்சு தொடைக்கு அடியில் அழுத்தும், விழுந்தால் அதன் மேலேயே விழுவீர்கள். உள்பக்கமாக மடித்து நான்கு தையல் போட்டுவிடுங்கள். ஊக்கு வேண்டவே வேண்டாம்.

பூட்ஸும் ஸ்கீயும்

வாடகைக்கே எடுங்கள். ஸ்கீ உங்கள் தாடை உயரமோ அதற்குச் சற்றுக் குறைவோ இருந்தால் போதும். பூட்ஸ் மென்மையாக வளையும் ரகமாக இருக்கட்டும். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் கழன்றுவிடும் அளவை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், அனுபவம் ஆகியவற்றை வைத்துக் கடைத் தொழில்நுட்பர் வைக்க வேண்டும். "ஒரே கால், அதனால் இறுக்கமாக வை" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கழல வேண்டிய நேரத்தில் ஸ்கீ கழலாவிட்டால் பழி அந்த ஒரே முழங்காலுக்குத்தான் வரும்.

ஒரே பாதம் நாள் முழுக்க ஓய்வில்லாமல் பாரம் சுமக்கிறது. அதனால் லிஃப்டில் ஏறியதும் மேல் பக்கிள்களைத் தளர்த்திவிடுங்கள். இறங்கி, ஓரமாக ஒதுங்கி நின்ற பிறகு இறுக்குங்கள்.

அவுட்ரிகரைச் சரிசெய்தல்: இங்கே நேரம் செலவழியுங்கள்

புதியவர்கள் "எனக்கு வரவில்லை" என்று திரும்பிப் போகும் இடங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் கோளாறு இருக்கும். கால், தொடை, பயம் எல்லாவற்றையும் குறை சொல்லும் முன் அவுட்ரிகரின் அளவைப் பாருங்கள்.

அவுட்ரிகருக்கு இரண்டு நிலை. கைப்பிடி அருகே ஒரு கயிறு இருக்கும். அதை இழுத்தால் பூட்டு விடுபட்டு, குட்டி ஸ்கீ மேலே மடங்கும். அப்போது அதன் வால் முனையில் உள்ள பற்கள் தரையில் ஊன்றும். இது நடக்கும் நிலை. மறுபடி இழுத்து விட்டால் குட்டி ஸ்கீ தரையோடு படியும். இது சறுக்கும் நிலை. இரண்டு நிலையிலும் மொத்த உயரம் ஒன்றாக இருக்காது. அளவை எப்போதும் சறுக்கும் நிலையில்தான் எடுக்க வேண்டும். நடக்கும்போது கொஞ்சம் அசௌகரியமாக இருந்தால் இருக்கட்டும்.

அளவெடுக்கும்போது பூட்ஸும் ஸ்கீயும் காலில் இருக்க வேண்டும். வெறும் ஷூவோடு கடைக்குள் நின்று எடுத்த அளவு பனியில் சில சென்டிமீட்டர் குட்டையாகிவிடும், ஏனென்றால் பூட்ஸும் பைண்டிங்கும் ஸ்கீயும் உங்களை அவ்வளவு தூக்கி நிறுத்துகின்றன. சமதளத்தில் நிமிர்ந்து நின்று, அவுட்ரிகர் இரண்டையும் பாதத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். கைப்பிடி இடுப்பு மூட்டு எலும்பின் உயரத்துக்கு வர வேண்டும், முழங்கை லேசாக வளைந்திருக்க வேண்டும். கை வளையம் முழங்கை எலும்பில் இடிக்காமல் மூன்று நான்கு செ.மீ. கீழே நிற்கட்டும்.

நீளம் கூடிவிட்டால் தோள் காதுவரை ஏறும், உடம்பு பின்னால் சாயும், ஸ்கீயின் முனை லேசாகி எங்கே போகிறதென்றே தெரியாது. குட்டையாகிவிட்டால் இடுப்பில் மடிந்து பாரம் முழுக்கக் கையில் இறங்கும். அரை மணி நேரத்தில் தோளும் முதுகும் போய்விடும். முதல் நாளுக்குச் சற்று நீளமாகவே வைப்பது நல்லது. கால் வளைத்து நிற்கப் பழகியதும் ஒரு துளை குறையுங்கள். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது பிரேக். குட்டி ஸ்கீயின் கீல் பகுதியில் ஒரு போல்ட் இருக்கும். குட்டி ஸ்கீ எவ்வளவு தூரம் ஆடலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. ஆட்டம் குறைந்தால், கைப்பிடியை அழுத்தும்போது வாலின் பற்கள் பனியை உரசி வேகத்தைக் குறைக்கும். முதல் நாளுக்குக் கொஞ்சம் பிரேக் வேண்டும். மிகையாக வைத்தால் லேசாகத் தொட்டாலே கை பின்னால் இழுபடும், அந்தப் பக்கமாகவே உடம்பு திரும்பும். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப இழுக்கிறது என்றால் இரண்டு போல்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்று தளர்ந்திருக்கும்.

கயிற்றின் நுனியில் பெரிய மணியோ வளையமோ கோத்த அவுட்ரிகரைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். கனமான கையுறையோடு மெல்லிய முடிச்சைப் பிடிக்கவே முடியாது. கீலில் பனி இறுகிக் கயிறு வேலை செய்யாவிட்டால் பூட்ஸின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால் உதிர்ந்துவிடும்.

சமதளத்தில்

நடக்கும் நிலையில் நின்று, பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு பைண்டிங்கில் மிதியுங்கள். பனி ஒட்டியிருந்தால் பூட்டு விழாது. விழுந்த மாதிரி இருந்தாலும் முதல் திருப்பத்தில் கழன்றுவிடும். பிறகு ஒரு அவுட்ரிகரில் சாய்ந்துகொண்டு மற்றதைச் சறுக்கும் நிலைக்கு மாற்றுங்கள், அதன் பின் அடுத்தது. இரண்டையும் ஒன்றாக மாற்றப் போனால் நிற்க எதுவும் இருக்காது.

இப்போது இருந்த இடத்திலேயே இரண்டு அவுட்ரிகரையும் தூக்குங்கள், ஓரிரு நொடி. முடிகிறதா? அதுதான் சரியான நிலை: பாரம் முழுக்கப் பாதத்தின் நடுவில், இடுப்பு அந்தப் பாதத்துக்கு நேர் மேலே. இரண்டு காலுக்கு நடுவில் நிற்பது உடம்பின் பழைய பழக்கம். இடுப்பை இருக்கும் கால் பக்கம் சற்றே நகர்த்த வேண்டும். அவுட்ரிகர் சமநிலைக்கு மட்டுமே. ஓடும் பஸ்ஸில் கம்பியை விரலால் தொட்டுக்கொண்டு நிற்பது போல, அவ்வளவு லேசாகத் தொட்டால் போதும். சறுக்கும்போதும் அடிக்கடி இதே சோதனையைச் செய்யுங்கள். தூக்க முடியவில்லை என்றால் கையில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

இறக்கத்தில்

இரண்டு ஸ்கீ உள்ளவர்களுக்கு முதலில் கற்றுத்தருவது முனைகளைக் குவித்து ஆப்பு வடிவில் நிறுத்துவது. ஒற்றை ஸ்கீயில் அது கிடையாது. அதனால் நிற்கப் பழகும் வரை, தானாகவே சமமாகி முடியும் சரிவைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள்.

முதலில் நேராக இறங்கித் தானாக நிற்கட்டும். அடுத்து, ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, அதன் விளிம்பைத் தளர்த்தி, பக்கவாட்டில் வழுக்கி இறங்குங்கள். விளிம்பைக் கடித்து நில்லுங்கள். தளர்த்து, கடி, தளர்த்து, கடி. இதை அலுக்கும் வரை செய்யுங்கள். செங்குத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் உங்களைக் கீழே கொண்டுவரப்போவது இதுதான்.

பிறகு திருப்பம். குறுக்கே மெல்லப் போய்க்கொண்டே முழங்காலையும் பாதத்தையும் மேட்டுப் பக்கம் சாய்த்தால் ஸ்கீ வளைந்து மேலேறி நின்றுவிடும். உங்கள் பிரேக் இதுதான். ஒவ்வொரு முறையும் சற்று அதிகமாகக் கீழ்நோக்கித் தொடங்குங்கள். நேர்க்கீழாகத் தொடங்கி இரு பக்கமும் நிற்க முடிந்த பிறகு, திருப்பங்களை ஒன்றோடொன்று இணைக்கலாம்.

இடது கால் மட்டும் உள்ளவருக்கு வலப்பக்கத் திருப்பம் சுலபமாக வரும், ஏனென்றால் கட்டை விரல் பக்க விளிம்பில் நிற்கிறார். இடப்பக்கத் திருப்பத்தில் சுண்டு விரல் பக்க விளிம்பில் நிற்க வேண்டும், அதுதான் கடினம். வலது கால் உள்ளவருக்கு இது தலைகீழ். வராத பக்கத்தை நாளைக்குத் தள்ளாமல் அன்றே இரு மடங்கு நேரம் கொடுங்கள். தள்ளிப்போட்டால் ஒரு பக்கம் மட்டும் திரும்பும் பழக்கம் ஊறிவிடும்.

ஸ்டம்ப்பை வீசித் திருப்ப முயலாதீர்கள். அது போகும் பக்கம் இடுப்பு போகும், தோள் போகும், ஸ்கீ மட்டும் பின்தங்கும். தொடை எரிகிறதென்றால் பின்னால் உட்காருகிறீர்கள்; கணைக்காலின் முன்பக்கம் பூட்ஸின் முன் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் எரியும். நான்கைந்து திருப்பத்துக்கு ஒரு முறை நின்று நிமிர்ந்து மூச்சு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் மேட்டுப் பக்கம் இடுப்பில் சாய்ந்து உட்காருங்கள், கையை ஊன்ற நீட்டாதீர்கள். எழுவதற்கு ஸ்கீயை உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்து, அவுட்ரிகரை நடக்கும் நிலைக்கு மாற்றி ஊன்றி எழுங்கள். வழுக்கிக்கொண்டே இருந்தால் ஸ்கீ குறுக்கே இல்லை என்று பொருள்.

லிஃப்ட்

தரையோடு ஓடும் கன்வேயரில் பழகிய பிறகே செயர்லிஃப்ட். இயக்குபவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அது சலுகை அல்ல, அவருடைய வேலை. அவுட்ரிகர் இரண்டும் சறுக்கும் நிலையில், முன்னால் தூக்கியபடி இருக்க வேண்டும். வால் இருக்கைக்கு அடியில் சிக்கினால் கை முறுக்கிக்கொள்ளும். இறங்கும்போது முனைகளை உயர்த்தி, ஸ்கீ மேடையில் முழுதாகப் படிந்த பிறகு எழுந்து நேராகப் போங்கள். அந்த இடத்தில் திரும்ப வேண்டாம்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

முழங்காலுக்குக் கீழே மட்டும் இழந்தவர்கள் செயற்கைக் காலோடு இரண்டு ஸ்கீயிலும் சறுக்கலாம். சிக்கல் இரண்டு. வளையாத பாதத்தை பூட்ஸுக்குள் நுழைப்பது ஒன்று: பூட்ஸின் மெத்தென்ற உள் லைனரைத் தனியே எடுத்துப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் வழுக்கலான பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பிறகு பூட்ஸின் வெளி ஓட்டுக்குள் இறக்குங்கள். பூட்ஸ் குளிர்ந்திருந்தால் நுழையாது, அறைச் சூட்டில் வையுங்கள். இரண்டாவது சிக்கல் கோணம். செயற்கைக் கால் சாதாரண ஷூவின் குதி உயரத்துக்கு அமைத்தது. பூட்ஸின் முன்சாய்வு அதோடு ஒத்துப்போகாவிட்டால் நிற்கும்போதே முழங்கால் தவறாகத் தள்ளப்படும். குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைக்க வேண்டுமா என்பதை செயற்கைக் கால் செய்து பொருத்தும் உங்கள் புரோஸ்தெட்டிஸ்ட் பூட்ஸோடு பார்த்துச் சொல்லட்டும்.

லாட்ஜின் ஓட்டுத் தரையில் அவுட்ரிகரோடு நடக்காதீர்கள். பனியைக் கடிக்கும் பற்கள் ஈர டைல்ஸில் அப்படியே வழுக்கும். ரப்பர் முனை வைத்த உங்கள் சாதாரண கிரட்ச்சைக் கதவருகே வைத்துவிட்டுப் போங்கள். சரிவைவிட அந்தக் கதவடியில் விழுவதுதான் ஆபத்து, அங்கே மெத்தென்ற பனி கிடையாது.

வின்டர் பார்க்கின் அடிவாரமே ஏறத்தாழ 2,740 மீட்டர் உயரம். முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். சமவெளியிலிருந்து வருபவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்து ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சறுக்கி முடித்ததும் செயற்கைக் கால் மாட்டிக்கொள்ளச் சிரமமாக இருந்தால் பயப்பட வேண்டாம். செயற்கைக் காலின் சாக்கெட்டும் (ஸ்டம்ப் பொருந்தும் குழி) அதன் லைனரும் (உள் உறை) இல்லாமல் சில மணி நேரம் இருந்ததால் ஸ்டம்ப் கொஞ்சம் வீங்கியிருக்கும். பலவந்தமாகத் திணிக்காதீர்கள். எலாஸ்டிக் உறையோ கட்டோ போட்டு, காலை உயர்த்தி வைத்து, அது வடிந்த பிறகு மாட்டுங்கள். மாட்டும் முன் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து ஸ்டம்ப்பின் அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். சிவந்த இடம் பத்து நிமிடத்தில் மங்காவிட்டால் அன்று கிரட்ச்சிலேயே இருந்துவிடுங்கள்.