ஸ்லோ குக்கரில் கோழிக்குழம்பு நீர்த்துப்போனால்

பாளையங்கோட்டையில் வீடு, திருநெல்வேலி சந்திப்பு பக்கம் வேலை. காலையில் ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) கோழியைப் போட்டுவிட்டுப் போனால் ராத்திரி சோற்றுக்குக் குழம்பு தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். கறி நன்றாக வெந்தது. ஆனால் குழம்பு ரசம் மாதிரி ஓடியது. தேங்காய் திரிந்து மேலே மிதந்தது, மசாலாவில் பச்சை வாசனை வேறு.

முதலில் மசாலாத்தூளைக் கூட்டினேன், காரம்தான் ஏறியது. அரிசி மாவு கரைத்து ஊற்றினால் கூழானது. மூடியைத் திறந்து வைத்தால் சூடு இறங்கி, கறி வேகவே நேரம் இழுத்தது.

காரணம் மூடியில் இருந்தது. அடுப்பில் ஆவியாகிப் போகும் நீர், இதில் மூடியில் துளித்து உள்ளேயே விழுகிறது. கோழியும் தன் பங்குக்கு நீர் விடும். இதற்கு மேல் மிக்ஸி ஜாரை அலசி ஊற்றும் தண்ணீர். அடுப்புக் குழம்புக்கு அது சரி, இதற்கு அந்த அரை டம்ளரே அதிகம்.

இப்போது முந்தின ராத்திரியே சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, சீரகத்தை நல்லெண்ணெயில் வாசனை வர வதக்கி, கெட்டியாக அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் எலும்போடு நாட்டுக்கோழி, அந்த மசாலா, உப்பு. தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. ‘லோ’வில் 7 மணி நேரம். பிராய்லர் என்றால் அதற்குள் குழைந்துவிடும், 4 மணி நேரம் போதும். வறுத்து அரைத்த தேங்காயைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் சேர்க்கிறேன், ‘ஹை’யில், மூடியைத் திறந்து.

குழம்பு கரண்டியில் ஒட்டுகிறது. அப்பாடா!