வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கியர்பொக்ஸ், எந்த டிப்?

பரந்தனில் என் கொட்டிலுக்குள் நிற்கும் காரின் சட்டகம் சதுரக் குழாய் இரும்பில் நானே வெட்டி ஒட்டியது. இரண்டு இருக்கை, கூரை இல்லை, நிறை 600 கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சின் ரொயோட்டா 5கே, 1486 சிசி. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் முதல் தடவையிலேயே சரிவந்தது. பிழைத்தது டிப்பில் (டிபரன்ஷியல்), அதாவது பின் அக்சிலின் நடுவில் இருந்து ஷாப்டின் சுற்றைக் குறைத்துச் சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்லுப் பெட்டியில். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு சின்ன லொறியின் பின் அக்சிலை வாங்கிப் பூட்டினேன். மாமாவின் காணிக்குள் இருக்கும் கிரவல் பாதையில் ஓட்டியபோது கிளச்சை விட்டு மூச்சு விடுவதற்குள் முதல் கியர் முடிந்துவிட்டது. கழற்றிப் பற்களை எண்ணினேன். பெரிய கிரவுண் சில்லில் 41, அதைச் சுற்றும் சின்னப் பினியனில் 8. அதாவது 5.125: பொக்ஸிலிருந்து வரும் ஷாப்ட் ஐந்து தடவைக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சில்லு ஒரு தடவை சுற்றும். மூட்டை ஏற்றி இழுக்கச் செய்த டிப் அது. நிறையே இல்லாத காருக்கு அது எதற்கு?

அதனால் நான் சொல்வது இதுதான்: கியர்பொக்ஸ் எஞ்சினோடு சேர்ந்து வரட்டும். நீங்கள் உட்கார்ந்து யோசித்துத் தெரிவு செய்ய வேண்டியது டிப்பை.

எஞ்சினையும் பொக்ஸையும் ஒரே வாகனத்திலிருந்து எடுத்தால் பெல் ஹவுசிங், பிளைவீல், கிளச் பிளேட்டின் பல், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். வேறு வேறாக வாங்கினால் மிச்சம் பிடித்த காசு லேத் பட்டறைக்குப் போய்விடும். எங்கள் பக்கம் இன்னும் கிடைக்கும் டிஎக்ஸ் வாகன் கொரோலாவின் ஐந்து கியர் பொக்ஸ், கே50, சின்ன எஞ்சினுக்குப் போதும். இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள வேன்களின் பொக்ஸை எடுக்க முன் கியர் தடியைப் பாருங்கள். அது பொக்ஸின் மேலேயே நிற்காது, கம்பிகள் வழியாக வேலை செய்யும். உங்கள் கைக்குக் கீழே கொண்டுவருவது பெரிய வேலை. பழைய பொக்ஸ் என்றால் ஒயிலைக் கொஞ்சம் வடித்து உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். பொன்னிறமாக மினுங்கினால், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் பித்தளைச் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

இனிக் கணக்கு. ஒரு கொப்பியை எடுங்கள். கே50 இன் விகிதங்கள் 3.789, 2.220, 1.435, 1.000, 0.865. என் ரயர் 175/70 ஆர் 13, சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீற்றர். எஞ்சின் சுற்றை 0.108 ஆல் பெருக்கி, கியர் விகிதத்தாலும் டிப் விகிதத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வரும். (0.108 என்பது 1.8 ஐ 60 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தது. உங்கள் ரயர் வேறென்றால் அதன் சுற்றளவைப் போடுங்கள்.)

5.125 டிப்போடு 6000 சுற்றில் முதல் கியர் 33 கிலோமீற்றரில் முடிகிறது. ஐந்தாவதில் 3000 சுற்றுக்கு 73. அதே பொக்ஸ், டிப் மட்டும் 4.3 என்றால் 40, 87. 3.9 என்றால் 44, 96. ஏ9 வீதியில் ஊர்களுக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை. 3.9 இல் அந்த வேகத்துக்கு 2200 சுற்றுக்கூட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது கியர் 75 வரை இழுக்கும், முந்திப்போக அது போதும். காணிப் பாதையில் விளையாடத்தான் கார் என்றால் 4.3 நல்லது. நான் 3.9 இல் நிற்கிறேன்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கார்களைப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களிடம்தான் நான் வேலை பழகினேன். எஞ்சின் இழுக்காத இடத்தில் பல்லுச்சில்லு இழுக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்று இந்தக் கொப்பிக் கணக்கைப் போடும்போது விளங்கியது.

வாங்கப் போகும் இடத்தில் வியாபாரி சொல்லும் விகிதத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வாகனத்தோடு இருந்தால் நியூட்ரலில் போட்டு, முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் ஜக் அடித்துத் தூக்குங்கள். சில்லிலும் ஷாப்டிலும் வெண்கட்டியால் கோடு போட்டு, சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஷாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுதான் விகிதம். நாலுக்குச் சற்றுக் குறைந்தால் 3.9. பிறகு இரண்டு பின் சில்லையும் தூக்கி ஒன்றைச் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிப். ஒரே பக்கம் சுற்றினால் லிமிட்டட் ஸ்லிப் (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிப்), அல்லது யாரோ உள்ளே வெல்டிங் பிடித்து வைத்தது. வெல்டிங் டிப்பை வீதிக்கு எடுக்காதீர்கள். வளைவில் உள்சில்லு இழுபடும், அக்சிலும் ரயரும் சேர்ந்து போகும்.

கிரவுண் சில்லும் பினியனும் சோடியாகத் தேய்த்து எடுத்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும்.

முன்சில்லு இழுக்கும் காரின் எஞ்சினைப் பின்னால் வைக்க நினைப்பவர்களுக்கு டிப் பொக்ஸுக்குள்ளேயே வந்துவிடும், தெரிவு குறைவு. பின்னால் எஞ்சின் உள்ள வொக்ஸ்வாகன் பீட்டிலின் பொக்ஸை நடு எஞ்சினுக்குத் திருப்பிப் போடுபவர்கள் கிரவுண் சில்லை மறுபக்கம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாலு ரிவர்ஸும் ஒரு முன் கியரும்தான் கிடைக்கும்.

இரும்பு வெட்ட முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள். பூட்டும்போது ஷாப்ட் பூட்டும் தட்டுகள், அதாவது பொக்ஸின் பிளாஞ்சும் டிப்பின் பிளாஞ்சும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாப்ட் அதிரும். டிப்புக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஒயில். பொக்ஸுக்கு ஜிஎல்-4, ஏனென்றால் பல ஜிஎல்-5 ஒயில்கள் பித்தளை வளையங்களை அரிக்கும். முதல் 500 கிலோமீற்றரில் இரண்டையும் வடித்து, வடி ஆணியில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளை விரலால் உருட்டிப் பாருங்கள். மா மாதிரி இருந்தால் பயமில்லை, துண்டு துண்டாக இருந்தால் திரும்பக் கழற்றுங்கள்.