சிலையாக நிற்கும் கேரக்டரை அசைய வைக்க: கேம் ரிக்கர் ஆவது எப்படி

மாடலர் செய்து கொடுக்கும் கேரக்டர் கையை விரித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கும். அதற்குள் எலும்புக்கூடு வைத்து, எந்த எலும்பு அசைந்தால் தோலின் எந்தப் பகுதி எவ்வளவு நகர வேண்டும் என்று முடிவு செய்து, அனிமேட்டர் பிடித்து இழுக்கக் கன்ட்ரோல்களும் போட்டுக் கொடுப்பவர்தான் ரிக்கர். இந்த எலும்புக்கூடும் கன்ட்ரோல்களும் சேர்ந்த அமைப்புதான் ரிக். அது மோசமாக இருந்தால் எவ்வளவு திறமையான அனிமேட்டரும் திணறித்தான் போவார்.

எந்த சாஃப்ட்வேர் கற்பது என்ற யோசனையிலேயே பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் மாயா அதிகம், மாணவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கும். அதற்கு வழியில்லை என்றால் பிளெண்டர் போதும். எதை எடுத்தாலும் சரி, ரிகிஃபை மாதிரி தானாக ரிக் போட்டுத் தரும் கருவியை முதல் கேரக்டருக்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு எலும்பையும் நீங்களே வைத்துப் பழகினால்தான், பின்னால் ஏதாவது உடையும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

முதல் பாடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கை முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து, அப்படியே மறுபக்கம் திருப்புங்கள். மணிக்கட்டு முழுதாகத் திரும்பும், முன்கையின் நடுப்பகுதி பாதி திரும்பும், முழங்கைப் பக்கத்துத் தோல் கிட்டத்தட்ட அசையவே அசையாது. இப்போது உங்கள் கேரக்டரின் முன்கைக்கு ஒரே எலும்பு வைத்து மணிக்கட்டை 180 டிகிரி திருகிப் பாருங்கள், மிட்டாய்த் தாளை முறுக்கின மாதிரி அந்த இடம் ஒடுங்கிப்போகும். தோலின் வடிவத்தை உருவாக்கும் ஒவ்வொரு புள்ளியும், அதாவது வெர்டெக்ஸும், தன்னைப் பிடித்திருக்கும் எலும்புகளின் வெயிட்டுக்கு (எந்த எலும்பின் பிடி எவ்வளவு என்ற எண்) ஏற்றபடி ஒரு சராசரி இடத்தில் போய் உட்காருகிறது, அந்த வெயிட்களின் கூட்டுத்தொகை எப்போதும் 1. ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் இரண்டு எலும்புகளுக்குச் சராசரி எடுத்தால் அது நடுவில்தானே வந்து விழும்? அதனால்தான் முன்கைக்குள் இரண்டு மூன்று ட்விஸ்ட் எலும்புகள் வைத்து அந்தத் திருகலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறோம்.

தோள் இதைவிடக் கஷ்டம். கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் தூக்கினால், அந்த 180 டிகிரியில் ஏறத்தாழ 60 டிகிரி தோள்பட்டை எலும்பு நகர்வதால் வருகிறது, மேற்கை மட்டும் சுழல்வதால் அல்ல. ஆகவே காலர் எலும்பும் கூடவே எழ வேண்டும், இல்லையென்றால் அக்குள் பிய்ந்த மாதிரி தெரியும். வெயிட் பெயின்ட் செய்யும்போது, அதாவது தோலில் பிரஷால் தடவி வெயிட் கொடுக்கும்போது, கேரக்டரை விரித்த கையோடு வைத்துக்கொண்டே தடவாதீர்கள். உட்கார்வது, கையைத் தூக்குவது, திரும்பிப் பார்ப்பது என்று ஒரு சோதனை அனிமேஷன் போட்டு, டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்தபடியே சரிசெய்யுங்கள். ஒரு நல்ல தோளுக்கு ஒரு வாரம் போனாலும் அது வீணில்லை.

கன்ட்ரோல்கள் பக்கம் பெரிய குழப்பம் இல்லை. தரையில் ஊன்றின கால் நகராமல் நிற்க ஐகே (பாதத்தை வைத்தால் முழங்கால் தானாக மடங்கும்), வீசி நடக்கும் கைக்கு எஃப்கே (தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாக நாமே திருப்புவது), இரண்டுக்கும் இடையே மாற ஒரு சுவிட்ச்.

அப்புறம், சினிமா ரிக்குக்கும் கேம் ரிக்குக்கும் வித்தியாசம் உண்டு. கேமை ஓட்டும் சாஃப்ட்வேரான கேம் எஞ்சினுக்கு எஃப்பிஎக்ஸ் என்ற ஃபைல் வழியாக ரிக்கிலிருந்து போவது எலும்பு, வெயிட், பிளெண்ட்ஷேப் (ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தோல் வடிவங்கள்), பேக் செய்த, அதாவது ஃபிரேம் ஃபிரேமாகப் பதிந்த அசைவு, பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரு எலும்பு இன்னொன்றைப் பின்தொடர நீங்கள் போட்ட கான்ஸ்ட்ரெயின்ட்கள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேராது, பிளெண்டரின் பெண்டி போன்கள் என்ற வளையும் எலும்புகளும் அப்படித்தான். மொபைல் கேமில் ஒரு வெர்டெக்ஸைப் பெரும்பாலும் 4 எலும்புகளுக்கு மேல் பிடிக்க விடமாட்டார்கள். நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் எல்லா வேலைக்கும் சேர்த்தே ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி செகண்ட்தான், தேவையில்லாத எலும்புக்கு அங்கே இடமில்லை. அளவையும் ஆரம்பத்திலேயே பாருங்கள்: அன்ரியல் எஞ்சினில் 1 யூனிட் ஒரு சென்டிமீட்டர், யூனிட்டி எஞ்சினில் ஒரு மீட்டர். எலும்புகளின் பெயரையும் வரிசையையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒருமுறை நான் பாதி வேலையில் முதுகெலும்பு ஒன்றின் பெயரை மாற்றிவிட்டேன், அதுவரை செய்திருந்த அனிமேஷன்களில் எல்லாம் அந்த எலும்பு அசையாமல் நின்றுபோனது, சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று.

முகத்துக்கு வருவதற்கு முன் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் வெளியிட்ட ஃபேக்ஸ் முறையைப் படியுங்கள். முகத் தசைகளின் அசைவுகளை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள்: 12 உதட்டோரத்தை இழுப்பது, 6 கன்னத்தை உயர்த்துவது. 12-ஐ மட்டும் போட்டால் போட்டோவுக்குச் சிரிக்கிற முகம்தான் வரும், 6-ஐயும் சேர்த்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி அவசியம் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, இடது கைக்குப் போட்ட கன்ட்ரோல்களை வலது கைக்கு மாற்றித் தரும் இருபது வரி ஸ்கிரிப்டில் ஆரம்பியுங்கள்.

வேலை தேடும்போது காட்டும் வீடியோவான ஷோரீலுக்குப் பத்து கேரக்டர் தேவையில்லை. ஒன்றே ஒன்றை எஞ்சின் வரை கொண்டுபோய், அது அங்கே ஓடிக் குதிப்பதை ஒரு நிமிடத்துக்குள் காட்டுங்கள். அதற்கு முன் அந்த ரிக்கை ஒரு அனிமேட்டர் நண்பரிடம் கொடுத்து, எதுவும் சொல்லித் தராமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். முழங்கால் கன்ட்ரோல் எங்கே என்று அவர் தேடினால், குறித்துக்கொண்டு அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.