சொன்னது ஒன்று, செய்தியில் வந்தது வேறு: திருத்தம் வாங்குவது எப்படி?

சிங்கப்பூரின் தேக்காவில் கைப்பேசி பழுதுபார்க்கும் ஒருவர், "தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போடாதீங்க, தூசி உள்ளே போயிடும்" என்று செய்தியாளரிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் செய்தியில் "அரிசியில் போட்டு வைக்கலாம்" என்று வருகிறது. கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் உடனே செய்தியாளருக்குப் போன் போடாதீர்கள். இணையச் செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும், பிறகு என்ன வந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

முதலில் பக்கத்தைச் சேமியுங்கள். ஐபோன் சஃபாரியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூலையில் தோன்றும் சிறு படத்தைத் தொட்டு, 'ஃபுல் பேஜ்' தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுவதும் பிடிஎஃப் ஆகும். ஆண்ட்ராய்டு குரோமில் 'ஷேர்' வழியாக 'பிரின்ட்' போய் பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். இணையப் பக்கங்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் செய்தியின் முகவரியை ஒட்டி 'சேவ் பேஜ் நவ்' கொடுத்தால், தேதி நேரத்தோடு உங்கள் கைபடாத இன்னொரு நகலும் கிடைக்கும். அச்சில் வந்தது என்றால் துண்டாக வெட்டாதீர்கள், முழுத்தாளையும் வையுங்கள்.

அடுத்தது, நீங்கள் சொன்னதற்கான சான்று. வாட்ஸ்அப்பில் 'மறையும் செய்திகள்' வசதியை இயக்கியிருந்தால், அனுப்பியவை 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் போய்விடும். இப்போது அதை அணைத்தாலும் ஏற்கெனவே அனுப்பியவை மறையத்தான் செய்யும், அதனால் உடனே படம் பிடியுங்கள். தொலைபேசிப் பேட்டிதான் தலைவலி: ஐபோனின் வாய்ஸ் மெமோஸ் அதே போனில் நடக்கும் அழைப்பைப் பதிவு செய்யாது. அடுத்த முறை ஸ்பீக்கரில் பேசி, பதிவு செய்வதைச் செய்தியாளரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். பேசி முடித்ததும் "நான் சொன்னதன் சாரம் இதுதான்" என்று இரண்டு வரி அனுப்பிவிடுவது அதைவிட நல்லது. பாதிப் பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி மின்னஞ்சல். செய்தியாளருக்கு எழுதி, ஆசிரியருக்கும் நகல் போடுங்கள். இவ்வளவு போதும்:

"4ஆம் பத்தியில் நான் 'அரிசியில் போட்டு வைக்கலாம்' என்று சொன்னதாக வந்துள்ளது. நான் சொன்னது 'போடாதீர்கள்'. இணைத்துள்ள பதிவில் 2:10இல் கேட்கலாம். பக்கத்தைத் திருத்தி, திருத்திய விவரத்தையும் அதில் குறிப்பிடுங்கள்."

வசவு வேண்டாம், வழக்கறிஞர் மிரட்டலும் வேண்டாம். வாய்தவறி நீங்களே சொன்னதை மாற்றச் சொன்னால் மற்ற புகாரும் எடுபடாது.

பலரும் பொஃப்மாவை, அதாவது இணையத்தில் பொய்த் தகவல் பரவுவதைத் தடுக்கும் சிங்கப்பூர்ச் சட்டத்தை, நினைப்பார்கள். 2019இல் வந்த அந்தச் சட்டத்தில் உத்தரவு போடுவது அமைச்சர்கள். நீங்களும் நானும் அதன்கீழ் உத்தரவு போட முடியாது. 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில், பொய்த் தகவல் குறித்துத் தனிநபர் நீதிமன்றத்தை நாட வழி இருக்கிறது. அரிசி விவகாரத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

திருத்திய பிறகும் கூகல் தேடலில் பழைய வரியே தெரியலாம். கூகலின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' பக்கத்தில் செய்தியின் முகவரியைக் கொடுத்து, இப்போது அங்கே இல்லாத ஒரு சொல்லையும் குறிப்பிடுங்கள். ஃபேஸ்புக்கில் பகிரும்போது பழைய தலைப்பு வந்தால், 'ஷேரிங் டீபக்கர்' பக்கத்தில் முகவரியை ஒட்டி 'ஸ்கிரேப் அகெய்ன்' அழுத்தவும். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன முன்னோட்டம் மட்டும் மாறாது, உங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் திருத்திய செய்தியின் இணைப்பை நீங்களே மறுபடி போட வேண்டியதுதான்.