கோடைத் தொடக்கத்தில் பறவைகளின் இனப்பெருக்கத்தை இபேர்டில் பதிவு செய்வது எப்படி?

கோடை தொடங்கியதும் கொண்டலாத்தி பொந்து தேடி அலைவதையும், கரிச்சான் தன்னைவிடப் பெரிய காகத்தைத் துரத்துவதையும், தேன்சிட்டு சிலந்தி நூலை அலகில் கவ்விக்கொண்டு பறப்பதையும் பார்க்கிறோம். இவற்றை, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இணையதளமான இபேர்டில் வெறும் எண்ணிக்கையாக இட்டால், அந்தப் பறவை அங்கே இருந்தது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். அது அங்கே கூடு வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல, தளத்தில் இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்குவதும் பட்டியல் இடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு, குறியீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: கருவிகள்

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட இருநோக்கியையே நான் பரிந்துரைப்பேன். பத்து மடங்கில் கை நடுக்கம் கூடும், காட்சிப் பரப்பும் பெரும்பாலும் குறுகும். கிளைகளுக்கிடையே ஓடும் பறவையைத் தொடர இரண்டுமே இடைஞ்சல். கண்டதை முதலில் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரையைப் பார்க்கக் குனியும் நேரத்தில்தான் தாய்ப்பறவை கூட்டுக்குள் நுழைந்துவிடும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்த்தோ குரலை நீங்களே அடையாளம் கண்டோ உறுதி செய்த பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.

இரண்டாம் படி: ஒரே பறவையோடு நில்லுங்கள்

நடந்துகொண்டே எண்ணுவதால் இனப்பெருக்கச் சான்று கிடைப்பது அரிது. ஐயம் தரும் நடத்தையைக் கண்டால் விலகி நின்று, பறவை உங்களை மறந்து தன் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். ஆள்காட்டி விடாமல் கத்தித் தலைக்கு மேல் வட்டமிட்டால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கக்கூடும் என்று கொண்டு, வந்த வழியே பின்வாங்குங்கள். அதன் முட்டைகள் வெறும் தரையில் கூழாங்கற்களோடு கலந்து கிடப்பதால், தேடிப் போகும் கால் அவற்றையே மிதித்துவிடக்கூடும். கடும் வெயிலில் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டையின் மேல் அமரும் பறவை அது. நாம் அதைத் துரத்தி நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் சூடேறும்.

மூன்றாம் படி: குறியீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியைத் தெளிவாகப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு மிகுந்த காலம் பிடித்தது. குறியீடுகள் சாத்தியம், பெரும்பாலும், உறுதி என்ற நிலைகளாகப் பிரிகின்றன. உரிய வாழிடத்தில் ஆண் பாடினால் சாத்தியம். இணை சேர்ந்தாலோ எல்லையைக் காத்தாலோ பெரும்பாலும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் உறுதி. இதுவரை எளிது.

சிக்கல் ‘உணவு சுமத்தல்’ என்ற உறுதிநிலைக் குறியீட்டில் தொடங்குகிறது. வண்ணாத்திக்குருவி புழுவை விழுங்காமல் அலகில் வைத்துக்கொண்டு ஒரே பொந்துக்கு மறுபடியும் மறுபடியும் போனால் இதைத் தயங்காமல் இடலாம். காகமும் பருந்தும் மீன்கொத்தியும் ஆலாவும் அப்படியல்ல. அவை இரையைத் தாமே உண்பதற்காகவும் தூக்கிச் செல்லும். சிறால் மீன்கொத்தி தான் விழுங்கும் மீனின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். பிறருக்கு ஊட்டும் மீனின் தலையோ அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போதுகூட அது குஞ்சுக்கா, மணம் பேசும் பெட்டைக்கா என்பது, மண்கரை வளைக்குள் மீனோடு நுழைவதைப் பார்த்தால்தான் தெளிவாகும். அதுவரை தாழ்ந்த நிலைக் குறியீட்டையே இடுங்கள்.

மரங்கொத்தி பொந்து குடைவது இரவில் தங்குவதற்காகவும் இருக்கலாம் என்பதால், தளம் அதற்குத் தனிக் குறியீடு வைத்து ஒரு நிலை தாழ்த்தியிருக்கிறது. மாறாக, குஞ்சின் எச்சத்தை வெண்ணிறச் சிறு பையாகக் கவ்விக்கொண்டு தாய் வெளியேறினால், கூட்டையே பார்க்காவிட்டாலும் அது உறுதியான சான்று.

நான்காம் படி: அரிய பதிவுகளும் கூட்டின் இடமும்

பருவத்துக்கோ பகுதிக்கோ பொருந்தாத பறவையைத் தளம் அரிய பதிவாகக் காட்டி விவரம் கேட்கும். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்பது போதாது. அளவு, அலகின் வடிவம், இறகின் நிறம், குரல், ஒத்த தோற்றமுள்ள பறவைகளை விலக்கிய காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். ஆனால் கூடு எந்த மரத்தில் என்பதைக் குறிப்பில் எழுதாதீர்கள். குறிப்புகளை எல்லோரும் படிக்க முடியும். படத்துக்காகக் கிளையை ஒதுக்குவதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆணை வரவழைப்பதும் இந்தப் பருவத்தில் அறவே கூடாது.

பிற்சேர்க்கை

செயலியில் குறியீட்டுக்கான இடம் எங்கே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். எண்ணிக்கையை இட்டபின் பறவையின் பெயரைத் தொட்டால் திறக்கும் விவரப் பக்கத்தில் அது இருக்கிறது. ஒரே நடையில் ஒரே இனத்தின் பல நடத்தைகளைக் கண்டிருந்தால், அவற்றுள் உயர்ந்த நிலையை இடுங்கள். காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால் எதை இடுவது என்பது மற்றொரு நல்ல கேள்வி. காகத்துக்குக் ‘குஞ்சுக்கு ஊட்டல்’ என்றும், குயிலுக்குக் ‘கூட்டை விட்டு வந்த இளங்குஞ்சு’ என்றும் தனித்தனியே இடுங்கள்.